மின்கட்டணம் பற்றிப் பேச, ஊர்வலம் போக, முகநூலில் எழுத: மலையகத்தில் என்ன நடைமுறை?

கேள்வி | நோர்வூட்_இளைஞர்

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத் தோட்டங்களில் ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பங்கள் மின்சாரம் எடுப்பது இன்னும் இருக்கிறது. அடுத்த கட்டணத் திருத்தம் வரும்போது இதைப் பகிரங்கமாகப் பேசலாமென்று சில இளைஞர் சங்கங்கள் சேர்ந்து யோசிக்கின்றன. விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதினால் உண்மையிலேயே பலன் உண்டா, எழுதினால் எப்படி எழுத வேண்டும்? தோட்டத்திலிருந்து டவுன் வரை ஊர்வலம் போக பொலிஸ் அனுமதி தேவையா? முகநூலில் எழுதினால் "பயங்கரவாதச் சட்டத்தில் தூக்கிடுவாங்க" என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது?

---

பதில் 1 | மீட்டர்_வாசிப்பு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

பலன் உண்டு. 2024 டிசம்பரில் மின்சார சபை கட்டணத்தை மாற்றத் தேவையில்லை என்றுதான் முன்மொழிந்தது. மக்கள் கருத்தைக் கேட்ட பிறகு, 2025 ஜனவரியில் ஆணைக்குழு 20 சதவீதம் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் கூடியது. ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை ஆணைக்குழு நிராகரித்தது. சபை கேட்டதெல்லாம் அப்படியே நடப்பதில்லை என்பதற்கு இவை போதும். ஆணைக்குழு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்றும் நினைத்துவிட வேண்டாம். கட்டண உயர்வை எதிர்த்த தலைவர் ஜனக ரத்னாயக்கவை 2023 மே 24இல் பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்கில் பதவி நீக்கியது. ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு அழுத்தம் மேலேயிருந்து வரும். கீழேயிருந்து போகும் எழுத்து எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ, அந்த அழுத்தத்தை மறுக்க அவ்வளவு ஆதாரம் கிடைக்கும்.

மலையகத்திலிருந்து போகும் கடிதங்களில் வழக்கமாக வரும் வாதம் இது: காசல்ரீ நீரில் விமலசுரேந்திர நிலையம் 50 மெகாவாட், மவுசாக்கலை நீரில் கெனியன் 60, தலவாக்கலையில் மேல் கொத்மலை 150, நம் மலையில் மின்சாரம் எடுத்துவிட்டு நம் லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) இருட்டில் விடுகிறார்கள். உண்மைதான், மேடையில் சொல்லலாம். ஆனால் கட்டணம் நாடு முழுவதற்கும் ஒன்று. அணைக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சலுகை கொடுக்க ஆணைக்குழுவுக்கு வழியில்லை. அதை மட்டும் எழுதினால் "குறித்துக்கொண்டோம்" என்பதோடு முடிந்துவிடும்.

ஆணைக்குழுவின் கைக்குள் இருக்கும் விஷயம் கூட்டு மீட்டர்தான். வீட்டுக் கட்டணத்தில் 60 யூனிட் என்பது ஒரு கோடு. மாதப் பாவனை அந்தக் கோட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் 60 யூனிட்டுக்கும் கூடிய விலை விழும், நிலையான கட்டணமும் ஏறும். ஒரு குடும்பம் 35 யூனிட், பக்கத்துக் குடும்பம் 35 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி மீட்டர் இருந்தால் இரண்டும் குறைந்த வருமானக்காரருக்கான படியில் நிற்கும். ஒரே மீட்டரில் 70 என்று வந்தால் இரண்டு குடும்பமும் அந்தப் படியை இழக்கும். ஏழைக்கென்று வைத்த சலுகை, மீட்டர் இல்லாததால் ஏழைக்கே கிடைக்காமல் போகிறது. எழுத வேண்டியது இதைத்தான், கணக்கோடு.

கணக்கு இப்படிப் போடுங்கள். கூட்டு மீட்டரின் கடைசி மூன்று பில்லை எடுங்கள். ஒவ்வொன்றிலும் முன் வாசிப்பு, பின் வாசிப்பு, நாட்களின் எண்ணிக்கை இருக்கும். நாட்களைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் 60 யூனிட் என்பது 30 நாளைக்கு. மீட்டர் பார்க்க ஆள் பிந்தி வந்து 34 நாள் ஆனால் கோடு 68 யூனிட்டுக்கு நகர வேண்டும். பிறகு மொத்த யூனிட்டைக் குடும்ப எண்ணிக்கையால் பிரித்து, தனி மீட்டராக இருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையை நடப்பு விலையில் கணக்கிட்டுக் கூட்டுங்கள். உண்மையில் கட்டிய தொகையிலிருந்து அதைக் கழித்தால் வரும் வித்தியாசம்தான் உங்கள் முறைப்பாடு. பத்து மீட்டருக்கு இப்படி ஒரு பக்க அட்டவணை போட்டு பில் பிரதிகளை இணைத்தால், ஐந்நூறு கையெழுத்துள்ள மகஜரைவிட அது கனமாக நிற்கும்.

எழுத்துக் கருத்தைத் தமிழிலேயே அனுப்பலாம். கடைசித் திகதியை அறிவித்தலில் பார்த்து, அதற்கு முன் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாய்மொழி அமர்வில் பேச முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான் என்பதால் அட்டவணையின் கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள், வரலாற்றிலிருந்து தொடங்கினால் கணக்குக்கு வருமுன்னே மணி அடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. பில் கூடுவதற்கு வயரிங்கும் காரணமாகலாம். பழைய லயன்களில் பக்கத்து அறைக்குப் போகும் லைன் உங்கள் மீட்டருக்குப் பின்னாலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். உங்கள் மெயின் சுவிட்சை அணைத்ததும் பக்கத்து வீட்டு பல்பும் அணைந்தால் சந்தேகமே வேண்டாம். மெயின் போட்டபடி வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டரின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எங்கோ கசிவு அல்லது கள்ள இணைப்பு உண்டு. மீட்டரே வேகமாக ஓடுகிறதா என்று பார்க்க, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 1600 துடிப்பு என்று எழுதியிருந்தால், விளக்கு சுமார் 22 விநாடிக்கு ஒரு தடவை மின்ன வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் கொஞ்சம் முன்பின் ஆகும். பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை என்றால் 1987க்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்கி, மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சபை தீர்க்காவிட்டால் அந்த இலக்கத்தோடு ஆணைக்குழுவுக்குப் போகலாம். இலக்கம் இல்லாமல் போனால் "முதலில் சபையிடம் போங்கள்" என்று திருப்பிவிடுவார்கள்.

---

பதில் 2 | கொத்மலை_ஓயா

மேலே சொன்னதோடு தகவலறியும் உரிமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். கட்டணத் திருத்த அறிவித்தல் வந்த பிறகு விண்ணப்பித்தால் பதில் வருவதற்குள் கருத்துக் கேட்கும் காலம் முடிந்துவிடும், அதனால் இப்போதே போடுங்கள்.

ஆர்.டி.ஐ. 01 படிவம் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். காரணம் சொல்லத் தேவையில்லை, யாராவது காரணம் கேட்டாலும் சொல்ல வேண்டாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வராதீர்கள். 14 வேலை நாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது சும்மா இருந்தால், 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் நடக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. "ஏன் எங்களுக்குத் தனி மீட்டர் தரவில்லை?" என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை ஆகாது, அபிப்பிராயம் கேட்பதாகச் சொல்லித் தள்ளிவிடலாம். பதிவேட்டில் இருக்கும் பொருளைக் கேளுங்கள்: குறித்த தோட்டப் பிரிவில் உள்ள வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கை, அந்தப் பிரிவுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்போமரின் கே.வி.ஏ. அளவு (அது எவ்வளவு சுமை தாங்கும் என்பது), கடந்த 12 மாத மின்தடைப் பதிவேட்டின் பிரதி, நிலுவையில் இருக்கும் புதிய இணைப்பு விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் திகதியும். டிரான்ஸ்போமர் அளவை வாங்குவது முக்கியம். "லோட் போதாது" என்பதுதான் தனி மீட்டர் கேட்பவர்களுக்கு முதலில் வரும் பதில்.

தோட்டக் கம்பெனிக்கே அனுப்பினால் தாங்கள் பகிரங்க அதிகாரசபை அல்ல என்று மறுக்கக்கூடும். அதில் காலத்தைக் கரைக்காமல் மின்சார சபைக்கும் பெருந்தோட்ட அமைச்சுக்கும் பிரதேச சபைக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

சில தோட்டங்களில் மின்சாரக் காசு செக்ரோலில் (தோட்டச் சம்பளப் பதிவேட்டில்) கழிபடுகிறது. அப்படியென்றால் தோட்டம் மொத்தமாக வாங்கி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. மின்சாரத்தை விநியோகிக்க உரிமம் அல்லது விலக்களிப்பு வேண்டுமென்பது 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டத்திலிருந்து வரும் விதி. "இந்தத் தோட்டத்துக்கு அப்படி விலக்களிப்பு உண்டா, நிபந்தனைகள் என்ன, பிரதி தரவும்" என்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் ஒரு விண்ணப்பம் போதும். சம்பளத் துண்டில் உள்ள கழிவையும் மீட்டர் வாசிப்பையும் ஒப்பிடும் வழி அப்போதுதான் திறக்கும்.

---

பதில் 3 | ஊவா_சட்டம்

ஊர்வலம் பற்றி.

பொலிஸ் கட்டளைச் சட்டம் 77ஆம் பிரிவு கேட்பது அறிவித்தலைத்தான், அனுமதியை அல்ல. ஊர்வலம் தொடங்க குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அந்தப் பகுதிப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். நடைமுறையில் மூன்று நாள் முன்பே கொடுங்கள். கடிதத்தில் நோக்கம், திகதி, தொடங்கும் நேரம், தொடங்கும் இடம், போகும் பாதை, கலையும் இடம், ஏற்பாட்டாளர் பெயர் இருக்கட்டும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி, நேரத்தோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் அதே நாளில் பதிவுத் தபாலில் பொறுப்பதிகாரிக்கும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பாதை இரண்டு பொலிஸ் பிரிவுகளைத் தொட்டால் இரண்டுக்கும் கொடுத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு எல்லைப் பாலத்தில் நிறுத்தப்படுவது நடக்கிறது.

பொது ஒழுங்கைக் காரணம் காட்டி ஊர்வலத்தைத் தடுக்கும் அதிகாரம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும்தான் உண்டு. ஸ்டேஷனில் ஒரு சார்ஜன்ட் "போக முடியாது" என்றால் அது தடையல்ல. யார், எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்போது அதிகம் பாவிக்கப்படுவது குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவு. முதல் நாள் மாலை பொலிஸ் நீதவானிடம் போய், மறு தரப்பைக் கேட்காமலே தடை உத்தரவு வாங்கும். உத்தரவு கைக்கு வந்தால் கிழிக்கவும் வேண்டாம், பயந்து எல்லாவற்றையும் கைவிடவும் வேண்டாம். வாசியுங்கள். யார் யார் பெயர், எந்த வீதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று இருக்கும். அதில் சொல்லாத இடத்துக்கு அது பொருந்தாது. 14 நாளுக்கு மேல் நீடிக்காது. அதே நீதவானிடம் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் போட்டு மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். உங்கள் அறிவித்தலின் முத்திரையிட்ட பிரதி அங்கே கைகொடுக்கும், ஏனென்றால் "சட்டவிரோதக் கூட்டம்" என்ற பொலிஸின் வாதம் அந்த ஒரு தாளில் தளர்ந்துபோகும்.

ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேறு. இரவு 10 முதல் காலை 6 வரை கிடைக்காது. கூட்டத்தைப் பெரட்டுக் களத்திலோ (தொழிலாளர் காலையில் கூடும் இடம்) தோட்ட மைதானத்திலோ வைப்பதென்றால் தோட்ட முகாமைக்குக் கடிதம் கொடுங்கள். மறுத்தால் கோயில் முன்றில், பிரஜாசக்தி நிலையம், டவுனில் பொது இடம் என்று மாற்று வைத்திருங்கள். துரை (தோட்ட முகாமையாளர்) பங்களாவைச் சுற்றி வளைப்பதைத் தவிர்க்கச் சொல்வேன். ஐந்து பேர் சேர்ந்தாலே சட்டவிரோதக் கூட்டம் என்று சாட்டலாம், அதோடு அத்துமீறலும் தடுத்துவைத்தலும் சேரும். அந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம் போகும்.

மின்சார சபை ஊழியர்கள் போராட்டத்தில் இருக்கும் நேரத்தோடு உங்கள் ஊர்வலம் சேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. மின்சாரத்தை அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவித்திருந்தால், 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வேலையை நிறுத்தச் சொல்லித் தூண்டுவதும் குற்றமாகும். "கட்டணத்தைக் குறை" என்ற சுலோகத்தில் சிக்கல் இல்லை. "லைட்டை நிறுத்துங்கள்" என்று ஊழியர்களுக்கு அழைப்பு விடுப்பது வேறு விஷயம்.

---

பதில் 4 | பதுளை_வீதி

மேலே மூவரும் சொன்னது சரி. ஆனால் கடிதமும் படிவமும் மட்டுமே போதும் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் உள்ள பேச்சு, கூட்டம், சங்கம் எல்லாமே "பிரஜை" என்ற சொல்லில்தான் தொடங்குகின்றன. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அவை கிடையாது. அந்தக் கதவு முழுமையாகத் திறக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை ஆனது. அதுவும் கடிதத்தால் மட்டும் வந்ததல்ல. வீதியில் நின்றவர்களும் வேலையை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். ஊர்வலத்தைச் சட்டப்படி வையுங்கள், ஆனால் வையுங்கள்.

---

நோர்வூட்_இளைஞர்

மிக்க நன்றி. முகநூல் பற்றியும் சொன்னால் நல்லது. பதிவு போட்டவரை "ஸ்டேஷனுக்கு வந்து ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்துட்டுப் போங்க" என்று ஃபோனில் கூப்பிட்டால் என்ன செய்வது? அங்கே எழுதுவது சிங்களத்தில்தானே.

---

பதில் 5 | ஊவா_சட்டம்

விசாரணைக்கு வரச்சொல்வதென்றால் எழுத்தில் அழைக்க வேண்டும். ஃபோனில் கூப்பிட்டால் மரியாதையாகவே, "எந்த முறைப்பாடு, எந்தப் பிரிவு, சாட்சியாகவா சந்தேகநபராகவா? எழுத்தில் தாருங்கள், வருகிறேன்" என்று சொல்லுங்கள். அழைத்தவர் பெயர், இலக்கம், நேரம் குறித்துவையுங்கள். தனியாகப் போகாதீர்கள். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி ஆஜராகலாம் என்பதற்கு 2012இல் வர்த்தமானியில் விதிகளே வந்திருக்கின்றன.

வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் தமிழில் வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து என்று நில்லுங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டும் கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை. கையெழுத்து வைத்தே ஆக வேண்டுமென்ற நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே "எனக்குத் தமிழில் விளக்கப்படவில்லை" என்று தமிழில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

முகநூலில் கட்டணத்தையும் அமைச்சரையும் கொள்கையையும் விமர்சிப்பது குற்றமல்ல. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது, சிவில் அவதூறு வழக்கு மட்டும் உண்டு. ஆபத்து வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு. இன, மத வெறுப்பைத் தூண்டியதாகச் சொல்லிக் கைது செய்தால், சட்டத்தின்படி பிணை நீதவானிடம் இல்லை, மேல் நீதிமன்றம் போக வேண்டும். "சிங்களவனுக்கு மட்டும் லைட்டா" என்ற ஒரே வரி, கணக்கோடு எழுதிய நல்ல பதிவையும் அந்தப் பிரிவுக்குள் இழுத்துவிடும். மற்றது 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நிகழ்நிலைக் காப்புச் சட்டம். அது பொய்யான கூற்றைப் பிடிக்கும். ஆகவே எண்ணை எழுதும்போது பில்லின் படத்தைப் போடுங்கள், பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்துவிட்டு. வந்த வட்ஸ்அப் செய்தியை அப்படியே பகிராதீர்கள். பின்னூட்டத்தில் வேறொருவர் இனவாதமாக எழுதினால், படம் பிடித்துக்கொண்டு நீக்கிவிடுங்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிப் பெரியவர்கள் பயப்படுவது காரணமில்லாமல் அல்ல. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த 48ஆம் இலக்கச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. 2022 ஓகஸ்டில் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் வசந்த முதலிகேயை அதில்தான் அடைத்தார்கள். 2023 ஜனவரி 31இல் நீதவான் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். பொருளாதாரப் போராட்டத்துக்கு இந்தச் சட்டம் பாவிக்கப்பட்டது என்பதற்கு அது சான்று, நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை என்பதற்கும் அதுவே சான்று. 2022 திருத்தம் தடுப்புக்காவலின் உச்சத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. ஆனால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவர் முன் கொடுத்த ஒப்புதல் சான்றாகும் என்ற 16ஆம் பிரிவு அப்படியே இருந்தது. சாதாரண சட்டத்தில் பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாகாது. அதனால் எந்தச் சட்டத்தின் கீழ் கைது என்று முதல் நிமிடத்திலேயே கேட்பது அவசியம். காரணம் சொல்ல வேண்டியது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைப்படி பொலிஸின் கடமை.

---

பதில் 6 | கொத்மலை_ஓயா

யாராவது கைதானால் வெளியில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதைச் சேர்க்கிறேன். சாதாரண கைதென்றால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், எனவே கைதான நேரத்தை எழுதிவையுங்கள். உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கு அழையுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கொண்டுபோன ஸ்டேஷன், வாகன இலக்கம் கையில் இருக்கட்டும். பயங்கரவாதச் சட்டக் கைதென்றால் பொலிஸே 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. காயம் இருந்தால் நீதவானிடம் முதல் தடவை நிறுத்தும்போதே சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேளுங்கள். நாள் போனால் தழும்பு போய்விடும்.

அடிப்படை உரிமை மீறல் மனு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நம் பகுதியில் அதிகமாகத் தவறும் காலக்கெடு இதுதான். சங்கத்தில் பேசி, தலைவரைப் பார்த்து, கொழும்புக்கு ஆள் தேடுவதற்குள் முப்பது நாள் முடிந்துவிடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்தேன் என்று சொல்வது மட்டும் நீதிமன்றத்துக்குப் போதாது, விசாரணை நடக்கிறது என்று காட்டும் ஆணைக்குழுவின் கடிதம் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். 2022 ஜூலையின் அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலை 23இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்புக் கொடுத்தது. உரிய காலத்தில் தாக்கல் செய்த மனுக்கள் இருந்ததால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

செலவுக்கு வழியில்லாதவர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போகலாம். வருமானம் காட்ட கிராம உத்தியோகத்தரின் சான்றும் கடைசிச் சம்பளத் துண்டும் கொண்டுபோங்கள். ஊர்வலத்துக்கு முன்பே இந்த இரண்டையும் ஏற்பாட்டாளர்கள் ஒவ்வொருவரும் எடுத்து, அறிவித்தல் கடிதத்தின் பிரதியோடு ஊர்வலத்துக்கு வராத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.